வெள்ளிக்கிழமைகள்ல நான் அழிச்சது

ஜூன் 3, திங்கள்

நாலாம் பாட வீடியோவுல கீழ ஓடற எழுத்து இன்னும் மூணு செகண்ட் பிந்துது. டிசைனர்கிட்ட சொன்னேன். அவனுக்கு ஆபீஸ்ல கலர்னு பேரு, ஒரு பட்டனுக்கு நாலு நீலத்தக் காட்டி எது வேணும்னு உயிர வாங்குவான். "மூணு செகண்டுல யாருய்யா சாகப்போறா"ன்னான். சொன்ன வாயோட முகம் செத்துப்போச்சு அவனுக்கு. நான் "பரவால்ல விடு"ன்னேன்.

நெஜமாவே பரவால்ல. எதுவும் எங்கயும் படல.

என் வீட்டுக்காரி போயி நூத்தி மூணு நாள்.

ஜூன் 4, செவ்வாய்

முடிவெட்டப் போனேன். "சாருக்கு என்ன வேல?"ன்னு கேட்டாரு. போதைப் பழக்கத்தத் தடுக்கற வேலையில இருக்கறவங்க இருக்காங்கல்ல, கவுன்சிலர், நர்ஸ், ஸ்கூல் ஸ்கூலா போய்ப் பேசறவங்க, அவங்களுக்கு கம்ப்யூட்டர்ல பயிற்சி குடுக்கற சைட் ஒண்ணு இருக்கு, அத நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்.

"அப்ப வாத்தியாருக்கே வாத்தியாரு!"

"இல்லங்க. வாத்தியாருக்கு பெஞ்சு போடறவன்."

சிரிச்சாரு. கழுத்த துடைச்சு விட்டுட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 9, ஞாயிறு

மச்சான் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அத்தை, அவளோட அம்மா, பாதியா இளைச்சுட்டாங்க. உப்பு போடறதில்ல, எண்ணெய் தொடறதில்ல, காலையில அஞ்சு கிலோமீட்டர் நடக்கறாங்களாம். "நம்ம குடும்பத்துலயே ஹார்ட் வீக்கு தம்பி. முப்பத்தோரு வயசுல அவளுக்கே நின்னுபோச்சுன்னா நான் எம்மாத்திரம்? பேத்திக்கும் ஈசிஜி எடுத்துடுன்னு இவன்கிட்ட சொல்லிட்டேன்."

மச்சான் தட்டவே பாத்துக்கிட்டிருந்தாரு. அவரோட ஏழு வயசுப் பொண்ணுக்கு ஈசிஜி.

ஆஸ்பத்திரி வராந்தாவுல அன்னிக்கு அவருதான் சொன்னாரு. "ஹார்ட்டுன்னே சொல்லிடுவோம் மாப்ள. மாத்திரைன்னு சொன்னா வாய்க்கு வந்தபடி பேசுவாங்க." டாக்டர் தெளிவாத்தான் சொல்லியிருந்தாரு, வேணும்னு செஞ்சது இல்ல, வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேந்து மூச்ச நிறுத்திடுச்சு, அளவு தவறிப்போச்சுன்னு. படியில விழுந்து முதுகுல அடிபட்டதுக்கு ஆரம்பிச்ச மாத்திரை. ஒன்றரை வருஷம். வலி போயிருக்கு, மாத்திரை போகல. எனக்குத் தெரியல.

எனக்குத் தெரியல. நாலாம் பாடத்தோட தலைப்பு "வீட்டில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்". அந்த வீடியோவுல வர்ற பொம்பள அலமாரியில துணிக்கு நடுவுல மாத்திரை அட்டைய சொருகற இடத்த நான் எழுத்து சரியா வருதான்னு பாக்கறதுக்காகவே நாப்பது அம்பது தடவ ஓட்டியிருப்பேன். எழுத்தப் பாத்தேன்.

மச்சான் தலையாட்டச் சொன்னாரு, நான் ஆட்டினேன். அவரக் குத்தம் சொல்லி என்ன. எனக்கும் அதான் வசதியா இருந்துச்சு.

ஜூன் 12, புதன்

சர்வர்ல ஒரு டிஸ்க் போச்சு. தினமும் எடுத்து வச்ச பழைய பேக்கப் எல்லாத்தயும் ஒண்ணாச் சேத்துப் போட்டேன். போட்டப்ப, நான் அழிச்ச டெஸ்ட் பதிவெல்லாம் கூடவே திரும்பி வந்துடுச்சு.

பதறாம எழுதணும். எல்லாத்தயும் எழுதணும்.

சைட்ல ஒரு கேள்வித்தாள் இருக்கு. பயிற்சிக்கு வர்றவங்க தன்னையே சோதிச்சுக்கறதுக்கு: நீங்க என்ன எடுத்துக்கறீங்க, நிறுத்திப் பாத்தீங்களா, இப்படிப் பதினாலு கேள்வி. போட்டு முடிச்சா ஒரு முடிவுப் பக்கம் வரும், எங்க போன் பண்ணணும்னு நம்பரோட. அதே முடிவு அவங்க மேலதிகாரிக்கும் போகும். அது பயிற்சிய நடத்தற மேடத்தோட விதி.

அப்புறம் "டெஸ்ட்"னு ஒரு கணக்கு. வகுப்புல எப்படி உள்ள போறதுன்னு பழகறதுக்கு. பயிற்சித் தாளோட அடியில அந்தப் பேரும் பாஸ்வேர்டும் அச்சடிச்சே இருக்கும். அதுல யாரு என்ன போட்டாலும் குப்பைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு தானா அழியற மாதிரி நான்தான் எழுதி வச்சேன். டெஸ்டுக்கு மேலதிகாரி கிடையாது. அதனால முடிவுப் பக்கம் யாருக்கு அனுப்பறதுன்னு தெரியாம வெறும் வெள்ளையா நின்னுடும். தெரியும் எனக்கு. பதினாலு மாசம் முன்னாடியே குறிச்சு வச்சேன். பக்கத்துலயே "பின்னால் பார்க்கலாம்"னு போட்டேன். டெஸ்டுக்கு யாரு முடிவு பாக்கப் போறா?

இன்னிக்கு திரும்பி வந்ததுல சும்மா கண்ண ஓட்டினேன். பாதிக்கு மேல உளறல், ஒரே எழுத்த அழுத்திப் பிடிச்சது, சினிமா வசனம். நடுவுல ஒண்ணு. டிசம்பர் 5, காலையில 11.20. பெண், 31. கடைசியில "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா"ங்கற கட்டத்துல:

"முதுகு வலிக்கு ஆரம்பிச்சது. இப்ப முதுகு வலிக்கல. வீட்டுக்காரர் இந்த சைட்லதான் வேலை பாக்கறார். அவருக்குத் தெரிய வேணாம்."

ஜனவரி 9. "போன தடவ முடிவு வரல. வெள்ளையா நின்னுது. திரும்பப் போடறேன்."

பிப்ரவரி 6. "இப்பவும் வரல."

ஜூன் 13, வியாழன்

லீவு.

ஜூன் 14, வெள்ளி

பயிற்சித் தாள் மிச்சத்த நான்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். பின்பக்கம் வெத்தா இருக்கும், அவ சாமான் லிஸ்ட் எழுதுவா. அப்படித்தான் அந்த டெஸ்ட் பேரும் பாஸ்வேர்டும் அவகிட்ட போயிருக்கு.

ஒரு நாள் கேட்டா. துணி மடிச்சுக்கிட்டே, சாதாரணமா. "அந்த டெஸ்ட்ல போடறதெல்லாம் யாரு பாப்பாங்க?"

"ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை பெருக்கித் தள்ளிடுவேன்."

"நீங்க கூடவா?"

"எனக்கு வேற வேல இல்லயா?"

ஜோக்கு அடிச்சேன் அப்ப. அவளும் சிரிச்சா. அது நிம்மதியில சிரிச்சதா? இல்ல, நான் பாக்கணும்னு நெனச்சுதான் வீட்டுக்காரர்னு எழுதினாளா? பாக்கக்கூடாதுன்னா அந்த வரி எதுக்குடீ? சொல்லு.

மூணு தடவ கதவத் தட்டியிருக்கா. ஒரே வீட்லதான் இருந்தேன்.

ஜூன் 17, திங்கள்

புதன்கிழமையே தனியா காப்பி எடுத்து வச்சிருந்த மிச்சத்தயும் படிச்சேன். அவ மட்டும் இல்ல. உளறல எடுத்துட்டுப் பாத்தா நாப்பத்தோரு பதிவு நெஜம். "பதினோரு வருஷமா அடுத்தவங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன், எனக்கு யார் சொல்றது" — இப்படி ஒருத்தர். "என் பேர்ல போட்டா வேலை போயிடும்" — இன்னொருத்தர். எல்லாம் எங்ககிட்ட படிக்க வர்றவங்க. ஊருக்குப் பாடம் சொல்றவங்க, தனக்குன்னு வர்றப்ப பேரில்லாத சந்து வழியா வந்திருக்காங்க. அங்க போய் வெள்ளைப் பக்கத்துல முட்டியிருக்காங்க. அத நான் வாராவாரம் பெருக்கியிருக்கேன்.

யார் யாருன்னு தேடினா கண்டுபிடிக்கலாம். தேட மாட்டேன்.

மேடத்துக்கிட்ட போனேன். பயிற்சி முழுக்க அவங்க பொறுப்பு. முப்பது வருஷம் நர்ஸா இருந்தவங்க, பேச்சு ஊசி மாதிரி நேரா இறங்கும். பேரு கேக்காம ஒரு வழி வைக்கலாமா, மேலதிகாரிக்குப் போகாம, நம்பர் மட்டும் குடுத்தாப் போதும்னு கேட்டேன்.

"யாருன்னே தெரியாம எப்படிப்பா உதவறது? யாரு கேட்டா இத?"

"டெஸ்ட் பதிவுல... சில பேரு..."

"டெஸ்ட்ல விளையாடறத வச்சு விதிய மாத்தச் சொல்றியா? அன்னிக்கு ஒருத்தன் அதுல தினம் ஆறு பாட்டில்னு போட்டான். வயசு நாலுன்னு போட்டிருந்தான்."

கலர் பக்கத்துல நின்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

சிரிச்சேன்! பல்லக் காட்டினேன்! த்தூ.

ஜூன் 18, செவ்வாய்

சத்தமில்லாம சரி பண்ணிட்டுப் போயிடலாமான்னு ஒரு நெனப்பு. முடிவுப் பக்கத்த மட்டும் ஒட்டுப் போடலாம். பதினாலு மாசம் அது கெட்டுக் கெடந்தது யாருக்கும் தெரியாது. அவளோடதும் தெரியாது. ஹார்ட் ஹார்ட்டாவே இருக்கும்.

ஆனா டெஸ்ட் கணக்கு யாருக்கு வேணும்னாலும் திறக்கும். ஒருத்தர் எழுதினத அடுத்தவர் பாக்கலாம். இந்தச் சந்துலயே அவங்கள விட முடியாது. சரியான வாசல் வேணும். அதுக்கு மேடம் ஒத்துக்கணும். அவங்க ஒத்துக்கணும்னா அது விளையாட்டு இல்லன்னு நான் சொல்லணும். எப்படித் தெரியும்னு கேப்பாங்க.

சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்குது.

ஜூன் 21, வெள்ளி

அஞ்சு மணிக்கு முன்னாடி அழிக்கற புரோகிராம நிறுத்தினேன். அவ்வளவுதான் முடிஞ்சது இந்த வாரம்.

ஜூன் 24, திங்கள்

சொல்லிட்டேன்.

மேடம் ரூம்ல, கலரையும் வச்சுக்கிட்டு. உக்கார்ந்தா சொல்ல வராதுன்னு நின்னுக்கிட்டே சொன்னேன். "அதுல மூணு பதிவு என் வீட்டுக்காரியோடது மேடம். அவளுக்கு ஹார்ட் இல்ல. மாத்திரை."

மேடம் கண்ணாடியக் கழட்டினாங்க. ஐயோ பாவம்னு சொல்லியிருந்தாங்கன்னா வெளிய ஓடியிருப்பேன். சொல்லல. அப்புறம் கேட்டாங்க:

"அந்த முடிவுப் பக்கம் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை நாள் மேடம்."

"அரை நாள்."

திட்டல. நான் சொன்னத திரும்பச் சொன்னாங்க, அவ்வளவுதான். உடம்பு பூராவும் எரிஞ்சுது. நாலு மாசத்துல மொத தடவ ஏதோ ஒண்ணு பட்டுது.

கொஞ்சம் கழிச்சு அவங்களே, "அந்த மேலதிகாரி விதி நான் போட்டது. எழுதிக்கோ, தப்பு உன்னோடது மட்டும் இல்ல"ன்னாங்க. பேரில்லாத வழி வைக்கலாம், கேக்கற கேள்விய நான் திரும்ப எழுதித் தரேன், யாரு போட்டாங்கன்னு உன்னால கூட கண்டுபிடிக்க முடியாதபடி செய்யணும், முடியுமான்னு கேட்டாங்க. முடியும்னேன்.

வெளிய வந்ததும் கலர் கையப் பிடிச்சுக்கிட்டான். "அண்ணே, அன்னிக்கு நான் சிரிச்சேன்ல"ன்னான். ரெண்டு பேரும்தான்டா சிரிச்சோம்.

ஜூன் 30, ஞாயிறு

அத்தைகிட்டயும் சொல்லிட்டேன். மச்சான் கண்ணாலயே வேணாம் வேணாம்னாரு. பேத்திக்கு நாளைக்கு ஈசிஜின்னு அத்தை சொன்னாங்க, குழந்த சட்டையப் பிடிச்சுக்கிட்டு "வலிக்குமா பாட்டி"ன்னு கேட்டுது. அதுக்கு மேல என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியல.

அத்தை கேட்டாங்க. முழுசாக் கேட்டாங்க. கேள்வித்தாளு, மூணு தடவ, வெள்ளைப் பக்கம், எல்லாம்.

"நாலு மாசமா நான் உப்பில்லாம திங்கறேன். நீங்க ரெண்டு பேரும் எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்க."

மச்சான், "அம்மா, மானம் போயிடும்னுதான்..."

"யாரோட மானம்டா? அவளோடதா, ஒன்னோடதா?" அப்புறம் என்னப் பாத்து, "எம்பொண்ணு கேட்டுக் கேட்டுப் பாத்திருக்கா. கூட இருந்தவன் நீ. போ. எழுந்து போ."

மொத தடவ என்ன நீன்னு சொன்னாங்க. எழுந்து வந்துட்டேன். சாப்பாடு பாதியில கெடந்துது.

ஜூலை 5, வெள்ளி

புது வழி இன்னிக்கு திறந்தாச்சு. பேரு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. முடிவுப் பக்கத்த நானே பதினெட்டு விதமா போட்டுப் பாத்தேன். வருது. ஒவ்வொரு தடவயும் வருது.

அவளுக்கு வந்திருந்தா அந்த நம்பருக்குப் போன் பண்ணியிருப்பாளா? தெரியாது. பண்ணாமயும் இருந்திருக்கலாம். அப்படி நெனச்சா மனசு லேசாகுது. லேசாகறதுக்காகத்தான் நெனைக்கறேன்னும் தெரியுது.

ஜூலை 14, ஞாயிறு

எங்கயும் போகல. மச்சான் போன் பண்ணாரு. அத்தை நடக்கப் போறத விட்டுட்டாங்களாம், யாருகிட்டயும் பேசறதில்லயாம். "உனக்கு இப்ப நிம்மதியா மாப்ள?"ன்னாரு. இல்லன்னேன்.

ஜூலை 22, திங்கள்

புது பேட்ச். மேடம் வகுப்புல சொன்னாங்க: "இந்தப் பக்கம் நமக்காக, அதாவது உங்களுக்கும் எனக்கும். நாம கல்லு இல்ல." பேரு சொல்லாம, எங்க சைட்ல இருந்த குறையச் சொன்னாங்க, ஒருத்தர் மூணு தடவ தட்டினத சொன்னாங்க. நான் கடைசி வரிசையில வயர் சரி பண்ற மாதிரி குனிஞ்சே இருந்தேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

புது வழியில வந்தவங்களோட எண்ணிக்கை மட்டும்தான் எனக்குத் தெரியும். இதுவரைக்கும் ஆறு.

ஜூலை 27, சனி

மத்தியானம் போன். அத்தை நம்பர். எடுத்தா பின்னால டிவி ஓடற சத்தம்.

"முழங்காலுக்கு டாக்டர் ஒரு மாத்திரை குடுத்திருக்காரு." தம்பின்னு கூப்பிடல. "இது அதுவா?"

"பேரு என்ன போட்டிருக்கு அத்தை?"

கண்ணாடி தேடினாங்க. அப்புறம் அட்டையில இருக்கறத ஒவ்வொரு எழுத்தா படிச்சாங்க. நடுவுல ஒரு எழுத்து கிழிஞ்சிருந்துது, ஓரத்தப் பாத்து படிங்கன்னேன், படிச்சாங்க. எழுதிக்கிட்டேன். எங்க பாடத்துல இருக்கற மாத்திரைப் பட்டியலோட ரெண்டு தடவ சரிபாத்தேன்.

"இது அது இல்ல அத்தை. வேற. அஞ்சு நாளைக்குத்தான் எழுதியிருப்பாரு. அதுக்கு மேல வலிச்சா நீங்களா வாங்கிப் போடாதீங்க, திரும்ப அவர்கிட்டயே போகணும்."

"செவ்வாக்கெழம வரச்சொல்லியிருக்காரு."

"நானும் வரவா?"

டிவி சத்தம். யாரோ அத குறைச்சாங்க.

"பத்து மணிக்கு. கேக்க வேண்டியதெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொண்டா. அங்க போனா எனக்கு ஒண்ணும் ஞாபகம் வராது."