பதினோராம் ஸ்தலத்து முகம்

ஜன. 21, சனி, 1978

பனி. மூக்கடைப்பு. டர்பன்டைன் வாடை தெரியவில்லை, அதுவும் நல்லதுதான்.

பங்குக் கோயிலுக்கான சிலுவைப்பாதைப் படங்களில் பத்து முடிந்தது. இன்னும் நான்கு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குள் மாட்டியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைந்த மாம்பழங்களைத் திருத்திவிட்டு வந்து இங்கே சாட்டையும் ஆணியும்.

பழைய படங்கள் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. நவம்பர் வெள்ளத்தில் ஊறி உப்பிப் போனவை. ஊறாவிட்டாலும் தேறாது. ஒரு ரோமச் சேவகனுக்கும் கண் இல்லை. ஆணி, கொண்டை ஊசி, காம்பஸ் முள், கையில் கிடைத்ததை வைத்து ஜனம் குத்தியிருக்கிறது. சாட்டைக்காரனுக்கு மூக்கும் போச்சு. இயேசுவின் மேல் ஒரு கீறல் கிடையாது.

ஃபாதர் எட்டிப் பார்த்தார். "டீச்சர், மிச்சத்துல சேவகனுங்களை முதுகு காட்டி நிக்க வச்சிடுங்களேன். மூஞ்சி இருந்தாத்தானே குத்துவாங்க."

முடியாது என்றேன். முகமில்லாமல் ஆணி தானாகவா இறங்கியது. சிரித்தார். கொஞ்சம் உயரமாக மாட்ட வேண்டும், படத்துக்குப் படம் எல்லாரும் முழங்கால் போடுவார்கள், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

வாங்க: க்ரிம்சன் 2, ஜிங்க் வெள்ளை, லின்சீட் எண்ணெய், விக்ஸ்.

ஜன. 26, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து அனுப்பியாயிற்று. கணக்கு டீச்சர் வைதேகியோடு ஸ்ரீரங்கம். அவளுடைய அத்திம்பேர் வீட்டை ஒட்டி ஒரு சின்ன மண்டபம். சுவரில் நரசிம்மர். மடியில் இரணியன். வயிறு கிழிந்து கிடக்கிறது, குடல் பெருமாள் கழுத்தில் மாலை. சிவப்பு இன்னும் பளிச்சென்று இருக்கிறது, என்ன சேர்த்தானோ.

இரணியனுக்கும் கண் இல்லை. சுண்ணாம்பு தெரியத் தோண்டியிருக்கிறார்கள்.

"கொழந்தைகள் வேலை," என்றாள் வைதேகி. "அசுரன் கண்ணை விட்டு வைக்க மாட்டா. பெருமாள் திருமுகத்தைப் பாருங்கோ டீச்சர். கையெல்லாம் ரத்தம், முகத்துல எவ்ளோ சாந்தம் பாருங்கோ."

பார்த்தேன். சாந்தம்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. குடலை உருவுகிறவர் முகத்தில் சாந்தம் எப்படி வரும். ஓவியன் பெருமாளுக்குப் பயந்து பொய் சொல்லியிருக்கிறான். வைதேகியிடம் சொல்லவில்லை. சொன்னால் பாவம், புளியோதரை கொடுத்தவள்.

ஜன. 28, சனி

மத்தியானம் தங்கை லூர்து வந்தாள். முக்காட்டை எடுக்கவில்லை. நான்தான் இழுத்தேன். இடது காது கிழிந்து, கழுத்து வரை ரத்தம் காய்ந்திருந்தது.

"கதவு இடிச்சிருச்சுக்கா."

"கதவுக்குக் கை முளைச்சிருச்சா?"

அழுதாள். சாம்பாரில் உப்பு. அதற்குக் கொட்டாப்புளி. உளி அடிக்கிற அந்த மரச் சுத்தியலால் பெண்டாட்டியை அடிக்கிற தச்சன் இந்தத் திருச்சியிலேயே சூசை ஒருவன்தான் இருப்பான். அடிக்கும்போது சிரிப்பானாம். அதுதான் தாங்கவில்லை என்றாள். அடி இல்லை, சிரிப்பு.

இங்கேயே இரு என்றேன். "ஊர் என்ன சொல்லும்," என்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போய்விட்டாள். போகிறவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனைக் கொல்லலாம் போல் இருந்தது.

பதினோராம் ஸ்தலம், சிலுவையில் ஆணி அடிப்பது. சுத்தியல் ஓங்கிய சேவகனுக்கு இன்றுவரை முகம் வராமல் இருந்தது. விளக்கு வைப்பதற்குள் வந்துவிட்டது. சப்பை மூக்கு, ஒட்டிய புருவம், மோவாய் வெட்டு. சூசையேதான்.

பிப். 4, சனி

சூசை வந்தான். படங்களுக்குச் சட்டம் போடுவது அவன் வேலை, ஃபாதர் கொடுத்தது. டேப் பிடித்துக்கொண்டே வந்தவன் பதினோராவதன் முன்னால் நின்றான். கதவோரம் அரிவாள்மணை இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"நம்ம மாதிரியே இருக்கு அண்ணி."

"அப்படியா மாப்பிள்ளை."

"கை நல்லா வந்திருக்கு." சிரித்தான். அளவு எடுத்தான். அந்தப் படத்துக்கு மட்டும் தேக்கு போட்டிருக்கிறான், மற்றதெல்லாம் பலா.

பிப். 10, வெள்ளி

முதல் சிலுவைப்பாதை. வெயில் இப்போதே. விசிறி மறந்தேன்.

பதினோராம் ஸ்தலத்தில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. "அது தச்சன் சூசை இல்ல?" "அட ஆமா." "அந்தப் புள்ள காதப் பாத்தியா?" உபதேசியார் தொண்டையைக் கனைத்து ஜெபத்தைத் தொடர்ந்தார். ஆண்கள் வரிசையில் சூசையின் பின் கழுத்து மட்டும் தெரிந்தது. சிவந்து போயிருந்தது.

நன்றாக வேண்டும். வீட்டுக்கு வந்து இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன், தவக்காலம் என்பதே நினைவில்லாமல்.

பிப். 24, வெள்ளி

கண்ணைக் குத்திவிட்டார்கள். இரண்டையும். ஆழமாக, ஹார்டுபோர்டு பிய்ந்து பொடியாக உதிர்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து வாண்டுகள் வேலையாக இருக்கும். ஃபாதர் என்னைப் பார்த்த பார்வை: நான் அப்பவே சொன்னேனே.

லூர்து இன்று வரவில்லை. காய்ச்சலாம், சூசை சொன்னான்.

மார்ச் 4, சனி

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

லூர்துவின் வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கிறது. பக்கத்து வீட்டம்மா ரிக்‌ஷாவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து எனக்கு இன்றுதான் தெரிகிறது. மாவுக்கட்டோடு கூட்டி வந்துவிட்டேன். இனி அனுப்ப மாட்டேன்.

கஞ்சி ஊட்டினேன். இரண்டு வாய்க்குப் பிறகு சொன்னாள்:

"நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் வரைஞ்சக்கா. ஆனா அந்தப் படத்துக்கு முன்னாடி நான் முட்டி போடணும்ல."

எனக்கு விளங்கவில்லை.

"மொத வெள்ளிக்கிழமை கோயில்லேருந்து வந்ததும் கதவைச் சாத்திட்டுக் கேட்டாரு, ஊரே எனக்கு முட்டி போடுது பாத்தியா, நீயும் போட்டியாடின்னு. வீட்டுலயும் போடச் சொன்னாரு. சுத்தியலத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, படத்துல நிக்கிற மாதிரியே. தெனமும்."

கண்ணைக் குத்தியது வாண்டுகள் இல்லை. இவள்தான். வியாழன் மத்தியானம், ஆளில்லாத கோயிலில், அவன் பட்டறையிலிருந்து எடுத்துப்போன ஆணியால். திரும்பும்போது கோயில் வாசலில் அவன் நின்றிருக்கிறான். எந்தக் கையால் குத்தினாய் என்று கேட்டு, அந்தக் கையை வேலைப் பலகையில் வைத்து.

சந்தி சிரிக்கட்டும் என்றுதான் அவன் முகத்தை மாட்டினேன். எந்த இடத்தில் மாட்டுகிறேன் என்று யோசிக்கவில்லை. முப்பது வருஷமாக அந்தப் படங்களின் முன் முழங்கால் போடுகிறவள் நான். எனக்கே தோன்றவில்லை. முட்டாள். முட்டாள்.

மார்ச் 18, சனி

முகத்தை அழித்துவிடுகிறேன் என்றேன். லூர்து வேண்டாம் என்கிறாள். "பெரிய வெள்ளி போகட்டும். நான் முட்டி போடலன்னா என்ன பண்ணுவாருன்னு ஊரு பாக்கட்டும்."

பயமாக இருக்கிறது. அவள் முகத்தில் பயம் இல்லை, அதனால் எனக்கு இன்னும் பயம்.

துணி துவைக்க. வைதேகிக்குப் பாத்திரம் திருப்பிக் கொடுக்க.

மார்ச் 24, பெரிய வெள்ளி

பதினோராம் ஸ்தலம். கோயில் முழுக்க முழங்காலில். லூர்து மட்டும் நின்றாள். கட்டுப் போட்ட கை, கண் இல்லாத அந்த முகத்துக்கு நேரே.

பெரிய வெள்ளியில் மணி இல்லை, பாட்டுப்பெட்டி இல்லை. ஊசி விழுந்தால் கேட்கும். ஆண்கள் பக்கத்திலிருந்து: "முட்டி போடுடி."

அவள் அசையவில்லை. உபதேசியார் நிறுத்திவிட்டார். சூசை எழுந்து நடுவழி தாண்டிப் பெண்கள் பக்கம் வந்தான். ஒரு ஆளும் தடுக்கவில்லை. தோளைப் பிடித்து அழுத்தினான். அவள் இறங்கவில்லை என்றதும் மாவுக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவள் கத்தியது இப்போதும் காதில்.

மணிக்குப் பதிலாகத் தட்டுகிற மரக்கட்டை என் பெஞ்சு ஓரத்தில் இருந்தது. எடுத்தேன். அவன் வாயில் அடித்தேன். பல் தெறித்து யாருடைய வெள்ளை முக்காட்டிலோ விழுந்தது. விழுந்தவனை மறுபடி அடித்தேன். மூக்கு உடையும் சத்தம் கேட்டது. மறுபடி. ரத்தம் என் கண்ணாடியில் தெறித்தது. பெண்கள் இரண்டு பேர் அவன் காலைப் பிடித்துக்கொண்டார்கள், எனக்கு வசதியாக.

"அக்கா, விடு. செத்துருவான். அக்கா, உன் மூஞ்சியப் பாரு."

லூர்து ஒற்றைக் கையால் என் இடுப்பைக் கட்டி இழுத்தாள். அதற்குப் பிறகுதான் நிறுத்தினேன்.

எழுதக் கூசுகிறது. சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 25, சனி

வெயில். கை வீங்கியிருக்கிறது, பேனா பிடிக்க வலி. சூசை பெரியாஸ்பத்திரியில். பிழைத்துக்கொள்வானாம். போலீஸ்காரர் ஒருவர் வந்து, எல்லாரும் ஒரே மாதிரி "படியில விழுந்துட்டாரு" என்று சொன்னதை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

ஃபாதர் வந்தார். திட்டவில்லை. படத்தை அவரே தூக்கி வந்திருந்தார். "அந்த முகம் நாளைக்கு இருக்க வேணாம் டீச்சர். அப்புறம், பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க." வருத்தம் வந்ததும் வருகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கத்தியால் சுரண்டினேன். மூக்கு, புருவம், மோவாய் எல்லாம் போச்சு. கண் இருந்த ஓட்டைகளில் மக்கு வைத்து அடைத்தாயிற்று.

"யாரு மூஞ்சி வைக்கப் போற?" லூர்து.

அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். புரிந்துகொண்டாள். இடது கையால் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இதுக்கு முன்னாடி முட்டி போடுவியா?" என்று கேட்டேன்.

"முதல்ல வரை."

பல்லைக் கடித்தேன். புருவத்தை நெரித்தேன். கோபமாக இருக்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி. கரிக்கோட்டில் மூக்கு சரி, நெற்றி சரி, வாய் இறுகி வந்திருந்தது. திருப்பிக் காட்டினேன்.

லூர்து கண்ணாடியை மடியில் தாழ்த்திவிட்டுப் பார்த்தாள்.

"இப்படி இல்லக்கா," என்றாள். "நேத்து நீ சிரிச்ச."

வாயை அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன்.