இரண்டாம் தாள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இடது முழங்காலைத் தவிர நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் செய்தி. கோப்பை நம்முடையது. இரண்டுக்கு ஒன்று. இதை நீ கைப்பேசியிலேயே பார்த்திருப்பாய். ஆனாலும் என் கையால் ஒரு முறை எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது. எழுதிவிட்டேன்.

கழக நிர்வாகக் குழு உறுப்பினராக நீ அனுப்பிய பதினான்கு பக்க அறிக்கையை இரண்டு முறை படித்தேன். இருபத்தெட்டு ஆண்டுகளில் நம் கால்பந்துப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் முந்நூற்று நாற்பது, அவர்களில் கழகத்தின் முதல் அணிக்கு வந்தவர்கள் பதினாறு, ஆகவே பள்ளியை மூடிவிட்டு, ஆடத் தெரிந்தவர்களை வெளியிலிருந்து எடுப்பதே மேல் என்று முடித்திருக்கிறாய். பதினாறு இல்லை, பதினேழு. கீப்பர் ஒருத்தியை விட்டுவிட்டாய். மற்றபடி கணக்கு சரி, எழுத்தும் தெளிவு. மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கள் பள்ளியை மூடிய அக்கரைக் கழகத்தை முன்மாதிரியாகக் காட்டியிருந்தாய். இறுதிப் போட்டி அவர்களோடுதான் வரும் என்பதைக் கடவுள் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். என் அருகில் பெயிண்ட் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். நிர்வாகக் குழுவில் இருப்பவர், காற்றடிக்கும் பக்கம் சாய்பவர். "உங்க பொண்ணு எழுதினது சரிதாம்மா, நாமளும் வெளியிலேருந்து நாலு பேரை எடுத்திருக்கணும்" என்றார். கோல் போட்டவள் யார் என்று தெரிகிறதா என்று கேட்டேன். தெரியாது என்றார். "பதினெட்டு வயசு வரைக்கும் நம்மகிட்ட கத்துக்கிட்டவ. அவங்க ஆள் வாங்கக் கடைக்குப் போனாங்க. அந்தக் கடை நம்மளது" என்றேன்.

இரண்டாம் பாதியில் நம் கேப்டன் பெனால்டியில் சமன் செய்தாள். எண்பத்தெட்டாவது நிமிடம். குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பெண் இடது ஓரத்தில் பந்தோடு ஓடினாள். இரண்டு பேர் மறித்தார்கள். தலையைத் தூக்காமலே பந்தைக் குறுக்கே தூக்கி அடித்தாள். அடித்த இடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பந்து இறங்குவதற்குள் நம் பள்ளியின் இன்னொரு பெண், சுருட்டை முடியால் சுருட்டை என்றே பெயர் வாங்கியவள், அங்கே வந்துவிட்டாள். தலையால் முட்டினாள், வலை ஆடியது. நான் நாற்காலி மேல் ஏறியதாகப் பேசிக்கொள்கிறார்கள். ஏறவில்லை. எழுந்து நின்றேன், கத்தினேன், அவ்வளவுதான்.

பார்க்காமலே எப்படி அடித்தாய் என்று ஒரு நிருபர் குச்சியைக் கேட்டார். "அவ அங்கதான் வருவா. பத்து வயசுலேருந்து அங்கதான் வந்துக்கிட்டு இருக்கா. வேற எங்க போகப் போறா?" என்றாள். இந்தப் பதிலை உன் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் சேர்ப்பாய்? நல்ல கால் வெளியில் கிடைக்கும். எட்டு வருஷம் ஒன்றாக விழுந்து எழுந்தது எங்கே கிடைக்கும்?

புதன்கிழமை நிர்வாகக் குழு கூடியது. டிக்கெட் அறைக்கு மேலே அதே அறை. மேசையின் ஆடும் காலுக்கு இன்னும் அட்டைதான் முட்டு. பெயிண்ட் கடைக்காரர், கோப்பையே வந்துவிட்டது, இனி என்ன பேச்சு, பள்ளி இருக்கட்டும் என்று எழுந்தார். உட்காரச் சொன்னேன். "கோப்பைக்காக ஓட்டுப் போடாதீங்க. அடுத்த வருஷம் தோத்தா மூடிடுவீங்களா?" என்று கேட்டு, உன் அறிக்கையை ஒரு வரி விடாமல், பதினாறை மட்டும் பதினேழாகத் திருத்தி, உரக்கப் படித்தேன். நாற்பது நிமிடம். குழுவில் இருக்கும் பல் டாக்டர் தூங்கிவிட்டார். அது உன் குற்றமில்லை.

காயம்பட்டவர்களின் பட்டியல் கொடுக்க நம் பிசியோ வந்து நின்றிருந்தாள். உன்னோடு ஆடிய அதே வாயாடி. "நான் அந்தப் பதினேழுல இல்லையே, அப்ப நான் வீணாப்போனவளா?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்பெல்லாம் நைந்துபோன என் கையெழுத்து.

பள்ளியை விட்டு அனுப்பும் பெண்களுக்கு நான் இரண்டு தாள் எழுதும் வழக்கம் உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு அந்த வேலை ஆகாது, அவர்களுக்கு முன்னால் அவர் அழுதுவிடுவார். முதல் தாளில், ஏன் மேலே எடுக்கவில்லை என்பது, பூசி மெழுகாமல். இரண்டாம் தாளில், அவளிடம் நான் கண்ட நல்லது, மிகைப்படுத்தாமல். இரண்டும் பெற்றுக்கொண்டேன் என்று பதிவேட்டில் கையெழுத்து. பிசியோ வைத்தது அவளுடைய இரண்டாம் தாள். "விழுந்தவளிடம் முதலில் ஓடுவது இவள்தான், விழுந்தவள் எதிரணியாக இருந்தாலும்" என்று எழுதியிருந்தேன். அந்த வரியைப் படித்துத்தான் பிசியோதெரபிப் படிப்பில் சேர்ந்தாளாம்.

அதற்குப் பிறகு செயலாளரை நிறுத்த முடியவில்லை. எந்தெந்தப் பள்ளியில் நம் பெண்கள் விளையாட்டு ஆசிரியைகள் என்று விரல் விட்டு எண்ணினார். போன வருஷம் நமக்கு எதிராகப் பெனால்டி கொடுத்த நடுவரும் நம்ம பொண்ணுதான் என்று பல்லைக் கடித்தார். அது சரியான பெனால்டி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் விழித்துக்கொண்டார். ஓட்டு எடுத்தோம். நான்குக்கு ஒன்று. பள்ளி நடக்கும். எதிர்த்த ஒரே ஓட்டு உன்னுடையது. தபாலில் வந்தபடியே பதிவு செய்திருக்கிறேன்.

படி இறங்கும்போது பிசியோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பொண்ணுக்கு ரெண்டாம் தாள்ல என்னம்மா எழுதினீங்க? அவள அனுப்பின அன்னிக்கு பஸ்ஸுக்கு நிக்கிறப்ப கேட்டேன். எனக்கு ஒண்ணுதான் வந்துச்சுன்னு சொன்னா" என்றாள். அறையைப் பூட்டினேனா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, மறுபடி மேலே ஏறிவிட்டேன்.

பதிவேட்டில் முதல் பெயர் உன்னுடையது. நீ பந்து உதைத்ததைப் பார்த்துத்தான் உன் அப்பா பள்ளியே தொடங்கினார். பதினாறு வயதில் உன்னை நான் அனுப்பினேன். வேகம் போதாது என்று முதல் தாளில் எழுதியது இன்றைக்கும் சரி. இரண்டாம் தாளையும் அன்றே எழுதினேன். தலைவர் வீட்டுப் பெண்ணுக்குத் தாயே நற்சான்று கொடுத்தாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்று அதை அலமாரியில் வைத்துவிட்டேன். எழுத அம்மாவிடம் ஒன்றுமில்லை என்று நீ நினைத்துக்கொண்டு போயிருப்பாய் என்பது இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தோன்றவே இல்லை. பிறர் பிழையைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெயர் பெரிது.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. "பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும் என்பது இவளுக்குத் தெரியும்" என்று தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் சுருட்டை ஓடி வந்து நின்ற இடம் நீ நிற்கும் இடம். மைதானம் முழுக்க அவளைப் பார்த்தது. நான் மட்டும் இரண்டு பேரைப் பார்த்தேன்.

உன் ஓட்டை மாற்றச் சொல்லவில்லை. பதிவேட்டில் உன் பெயருக்கு நேரே கையெழுத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடுகிறவள் இல்லை நான். அடுத்த மாதம் முதல் திங்கள், காலை ஏழு மணிக்குப் புதிய பெண்கள் முப்பத்தொரு பேர் சேர வருகிறார்கள். அன்று பதிவேட்டைத் திறப்பேன். பேனாவில் மை ஊற்றி வைத்திருப்பேன்.

நீயும் உன் வீடும் குறையின்றி இருக்க வேண்டும், கண்ணே.

உன் அம்மா