தொப்பியை எடுத்தார், பூட்ஸை எடுக்கவில்லை

1931 மார்ச் 9, திங்கள்

இந்த நோட்டை எடுக்கிறவர் யாரானாலும் உங்கள் காலில் விழுகிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்கு வேண்டாம். முத்தம்மாள் அத்தைக்கு வேண்டவே வேண்டாம். எல்லாரும் தூங்கின பிறகு சிம்னி விளக்கைச் சின்னதாக்கி எழுதுகிறேன். எழுதாவிட்டால் வாய்விட்டுக் கத்திவிடுவேன் போலிருக்கிறது.

இன்று அப்பாவை அடித்துவிட்டார்கள்.

கப்பலிலிருந்து இறங்கி இன்றோடு பதினோரு நாள். அப்பாவும் நானும் தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில் பிறந்தவர்கள். தாத்தாதான் இந்த ஊரிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனாராம். போன வருஷம் அம்மா இறந்துபோனாள். அங்கே சர்க்காரே டிக்கெட் கொடுத்து, உங்கள் தேசத்துக்குப் போங்கள் என்றதும் அப்பா சரி என்றுவிட்டார். ஆவடி ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் நடந்தோம். அத்தை அப்பாவுக்குப் பெரியப்பா மகள். சேரியில் தன் வீட்டில் இடம் கொடுத்தாள்.

அப்பா டர்பனில் ஒரு ஹோட்டலில் பதினெட்டு வருஷம் வெள்ளைக்காரர்களுக்குப் பரிமாறினவர். மரியாதைதான் அவர் தொழில். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லிவைக்கலாம் என்று காலையில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, கோட்டு மாட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு மணியக்காரர் திருவேங்கடம் வீட்டுக்குப் போனார். மணியக்காரர் வாசலில் நாற்காலியில் இருந்தார். அப்பா நாலடி தள்ளி நின்று தொப்பியை எடுத்து மார்பில் வைத்தார். தலையைச் சாய்த்தார். முகத்தைப் பார்த்துச் சிரித்து, "குட் மார்னிங் ஐயா" என்றார்.

மணியக்காரர் அப்பாவின் காலையே பார்த்தார். பாலிஷைத்தான் பார்க்கிறார் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். காலை இன்னும் நன்றாகச் சேர்த்து வைத்தார்.

அவருடைய மகன் நாகேந்திரன் பக்கத்திலிருந்து வந்தான். கையில் மூங்கில் கம்பு. முதல் அடி தாடையில். இரண்டாவது முழங்காலில். அப்பா மண்டியிட்டு விழுந்ததும் வாயில் உதைத்தான். "சேரி நாய்க்கு பூட்ஸ் கேக்குதாடா? நேரா நின்னு மூஞ்சியப் பாக்கற?"

வீட்டுக்கு வந்து அப்பா ஒரு பல்லைக் கையில் துப்பினார். அதைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, தொப்பிய நல்லாத்தானே எடுத்தேன்?" என்று கேட்டார்.

"தொப்பிய யாருடா கேட்டாங்க?" என்றாள் அத்தை.

மார்ச் 10

அத்தை அப்பாவுக்குப் பாடம் நடத்தினாள். ஊர்த்தெருவில் நடக்கும்போது துண்டு இடுப்பில் இருக்க வேண்டும். பார்வை மண்ணில். நாமாகப் பேசக்கூடாது. கேட்டால் 'ஆண்டே' என்று சொல்லி வாயைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். செருப்பு இருந்தால் தெரு முனையிலேயே கழற்றிவிட வேண்டும்.

அத்தை உரல்மேல் மணியக்காரராக உட்கார்ந்தாள். அப்பா முறத்தைத் தட்டுபோல ஏந்தி, குனிந்து, வாய் வீங்கியிருந்தும், "இன்னா சூப் ஓணும் ஆண்டே?" என்றார். அத்தை சிரித்துவிட்டாள். பிறகு, "இப்டி சிரிச்சிகினே சாவப்போற நீ" என்றாள்.

அப்பா உட்கார்ந்தார். "எந்த ஊருக்குப் போனாலும் அங்க ஒரு மேனர்ஸ் இருக்கும்க்கா. கத்துக்கறேன். கும்பிடச் சொல்லு, கும்பிடறேன். குனியச் சொல்லு, குனியறேன். அதுக்குத்தான் பதினெட்டு வருஷம் சம்பளம் வாங்கினேன். பூட்ஸ மட்டும் கேக்காத."

தாத்தா வெறுங்காலோடு கரும்பு வெட்டினவர். ஒருநாள் வெட்டின கரும்பின் கூரான அடித்தூர் பாதத்தில் ஏறியது. கால் அழுகித்தான் செத்தார். அப்பா வாங்கின முதல் சம்பளத்தில் முதல் பூட்ஸ். இது எத்தனையாவது என்று தெரியாது.

மார்ச் 12

அத்தை போய்க் கெஞ்சினதில் பள்ளிக்கூடத்தில் ஜன்னலுக்கு வெளியே உட்கார இடம் கொடுத்தார்கள். வாத்தியார் திட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். டர்பனில் டீச்சர் பேசும்போது பார்க்காவிட்டால் அடி. இங்கே பார்த்தால் அடி. ஆறு. உள்ளங்கை பிளந்து பேனா பிடிக்க முடியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று அப்பா வேலை கேட்க ஆவடிக்குப் போனார். ஊர்த்தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. துண்டு இடுப்பில் இருந்தது. பார்வை மண்ணில் இருந்தது. பூட்ஸ் காலில் இருந்தது. மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். வலது கையைக் கல்லில் வைத்து விரல்களை மிதித்தார்கள். இரண்டு விரல் பின்பக்கமாக மடங்கித் தொங்குகின்றன. இந்தக் கையால் இனித் தட்டு ஏந்த முடியுமா?

இன்று காலையில் கதவு சட்சட்டென்று அதிர்ந்தது. இந்தச் சேரியில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, வெளியில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பார்த்தால் மணியக்காரர் ஆள், கம்பால் தட்டுகிறான். வருகிற வெள்ளிக்கிழமை அப்பா பூட்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரை மூன்று சுற்று சுற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் சேரியில் ஒருத்தருக்கும் அறுப்பு வேலை இல்லையாம்.

அவன் போன பிறகு, "ஏன் அத்தை கம்பால தட்டறான்?" என்று கேட்டேன்.

"நம்ம கதவ அவன் கையால தொடுவானா?"

மார்ச் 17

வாசலில் சேரி ஆட்கள். பக்கத்து வீட்டுக் கோதண்டம் மாமா, "கப்பல்ல வந்த தொரைக்கு ஓசரம் எங்க புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?" என்று கேட்டார். யாரோ பின்னாலிருந்து, "தொரை கால்ல இன்னா, வெரலுக்குப் பதுலு தங்கமா கீது?" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா சொன்னார்: "வெள்ளிக்கிழமை நான் போறேன். தலையில வெச்சிக்கினு இல்ல. கால்ல போட்டுக்கினு."

அத்தை அப்பாவை அறைந்தாள். "கொன்னுடுவாங்கடா பாவி."

கொன்றுவிடுவார்கள். எனக்குத் தெரியும். நாகேந்திரன் அடிக்கும்போது அவன் முகத்தில் கோபமே இல்லை. விறகு பிளக்கிறவன் மாதிரி இருந்தது.

மார்ச் 18

செய்துவிட்டேன். பூட்ஸ் இல்லாவிட்டால் போட்டுக்கொண்டு போக முடியாதே.

நடுப்பகலில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அப்பா கைக் காயத்தால் வந்த காய்ச்சலில் தூங்கினார். பூட்ஸ் இரண்டையும் நாடாவால் சேர்த்து, ஒரு செங்கல்லை நடுவில் வைத்துக் கட்டினேன். புளியமரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருக்கிறது. நல்ல கல்கட்டு, படி எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் தெருவில் ஒருத்தரும் அங்கே போவதில்லை. கால்வாய் ஓரத்துப் பள்ளத்தில் கலங்கல் தண்ணீரைத்தான் மொண்டு வருகிறார்கள். வந்த அன்றே அத்தையிடம் கேட்டேன். "அந்தக் கெணத்தாண்ட போவாத, அவ்ளோதான்" என்றாள். யாரோ விழுந்து செத்த பாழுங்கிணறு என்று நினைத்துக்கொண்டேன். டர்பனில் அப்படி ஒரு கிணற்றைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள்.

தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அப்பா எழுந்து தேடினார். சாக்கை உதறினார். என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். ரொம்ப நேரம் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. வெறுங்காலோட போறேன்" என்றார்.

அப்பா பிழைத்தார். சாமி, அப்பா பிழைத்தார்.

மார்ச் 19

நான் என்ன பண்ணிட்டேன். ஐயோ நான் என்ன பண்ணிட்டேன்.

அது அவங்க குடிக்கிற கெணறு. ஊர்த்தெரு முழுசும் அதுலதான் தண்ணி எடுக்கறாங்க. நாம தொடவே கூடாதாம். அதனாலதான் நம்ம ஆளுங்க போகலை. எனக்கு யாரும் சொல்லலையே.

எழுதிவிடுகிறேன். வரிசையாக எழுதுகிறேன்.

செங்கல் நழுவிவிட்டது. விடியற்காலையில் தண்ணீர் எடுக்க வந்தவர்கள் பூட்ஸ் மிதப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். முதலில் பானைகளை உடைத்தார்கள். அத்தையை மயிரைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். கோதண்டம் மாமா கும்பிட்டுக்கொண்டே குறுக்கே போனார். கும்பிட்ட கையோடு நின்றவரைத் தலையில் அடித்தார்கள், காது கிழிந்து தொங்கியது. இரண்டு கூரைக்கு நெருப்பு வைத்தார்கள். உள்ளே கட்டியிருந்த ஆடு கத்தியது, பிறகு கத்தவில்லை.

நாகேந்திரன் பூட்ஸைக் கம்பின் நுனியில் மாட்டிக்கொண்டு வந்து நடுவில் எறிந்தான். "யாருடா போட்டது?"

நாடாவில் என் முடிச்சு அப்படியே இருந்தது. அம்மா சொல்லிக்கொடுத்த இரட்டை முடிச்சு. அப்பா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

முன்னால் போனார். தலையில் தொப்பி இல்லை. இருந்தும் கை தலைக்குப் போய், எடுப்பதுபோல இறங்கியது. "நான்தான் ஐயா" என்றார்.

புளியமரத்தில் கட்டினார்கள். பாதங்களை உரல்மேல் தூக்கி வைத்தார்கள். நாகேந்திரன் எங்கள் வீட்டு உலக்கையையே எடுத்தான். முதலில் அப்பா கத்தவில்லை. பிறகு கத்தினார். அந்தச் சத்தத்தை எழுதமாட்டேன்.

நான்தான் என்று நான் சொல்லவில்லை. வாய் திறந்துதான் இருந்தது.

மார்ச் 20

கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ரயிலில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வேப்பம்பட்டுப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் எரிந்த கூரையைப் பார்க்க வந்தார்கள். போலீசும் வந்தது. கூரை எரிந்ததைப் பற்றி ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. குடிதண்ணீர்க் கிணற்றைக் கெடுத்ததாக அப்பா பேரில் கேஸ்.

மார்ச் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். அழுக ஆரம்பித்துவிட்டதாம். தாத்தாவுக்கு ஆன மாதிரியே. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குணமானதும் ஜெயில் என்றார்.

அத்தை தண்ணீர் வாங்கப் போனபோது அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அம்மா மாதிரியே முடிச்சு போடற" என்றார். நான் அழுதேன். "யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. அதான் இந்த ஊரு மேனர்ஸ்."

மார்ச் 24

வடிவு நாகேந்திரனின் தங்கை, என்னைவிடச் சின்னவள். பள்ளிக்கூடத்தில் உள்ளே உட்காருகிறவள். இன்று ஜன்னல் கம்பி வழியாகக் கேட்டாள்.

"நீதான போட்ட? நான் பாத்தேன். மாடி மேலேர்ந்து."

நான் கம்பியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

"ஏன் போட்ட?"

"அது உங்க கெணறுன்னு தெரியாது."

வடிவு சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு. "அதுகூடவா தெரியாது?" என்றாள். அப்புறம், "அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

மார்ச் 25, புதன்

பகல் முழுக்க யாரும் வரவில்லை. அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். எரிந்த கூரைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "மொத நாளே உனக்கு வெளக்கமா சொல்லியிருக்கணும். அத எப்டிடி வாய்விட்டு சொல்றது?" என்றாள்.

விடிந்ததும் முதல் ரயிலில் பட்டணம் போகிறோம். இந்த நோட்டைக் கோர்ட்டில் கொடுக்கப்போகிறேன். அப்பா கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

முதல் பக்கத்தில் யாருக்கும் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்ததை இப்போது அடித்துவிட்டேன். எடுக்கிறவர் யாரானாலும் எல்லாருக்கும் காட்டுங்கள். பூட்ஸைக் கிணற்றில் போட்டது என் அப்பா வரதன் இல்லை. அவர் மகள் அன்னம்மாள், வயது பன்னிரண்டு. கிணறு என்று தெரிந்துதான் போட்டேன். யாருடையது என்று தெரியாது.

கதவைத் தட்டுகிறார்கள்.

அத்தை எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மறுபடியும் தட்டுகிறார்கள். கை இல்லை. கம்பு. நோட்டை அரிசிச் சாக்குக்கு அடியில்