முடி வளரக் காத்திருந்தோம்

இன்று திருவந்திபுரம் கோயிலில் உங்கள் அக்கா பேரனுக்கு மொட்டை. தலையில் சந்தனம் பூசியதும் அந்த வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, உங்களைவிட அவனுக்கு மண்டை அழகு.

உங்கள் கைநடுக்கம் நின்றால் இங்கே உங்களுக்கு முடி இறக்குவதாக அக்கா வேண்டியிருந்தார். சென்னை ஆஸ்பத்திரியில் தலையை வழித்து, மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி பொருத்தினார்கள். நடுக்கம் அடங்கியது. சிதம்பரம் வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுக்கொண்டீர்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகுதான் வேறு ஆளானீர்கள். ஓயாத பேச்சு, குறுக்கே பேசினால் எரிச்சல். அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் குரலே கேட்காத மனிதர், சாம்பாரில் உப்பு குறைந்ததற்குத் தட்டை வீசினீர்கள். அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "ஆஸ்பத்திரில வழிச்சது சாமிக்குச் சேராது. வேண்டுதல் அப்படியே நிக்குது, அதான் இப்படி." நாங்களும் நம்பி, டாக்டரிடம் வாய் திறக்காமல், முடி வளரக் காத்திருந்தோம். அதற்குள் மஞ்சக்குப்பத்தில் என் அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று நான் பெட்டி கட்டிவிட்டேன்.

தையல் போட்ட இடத்தில் கத்தி படலாமா என்று கேட்கத்தான் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் அதை விட்டுவிட்டு, வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அவ்வளவுதான், அழுதுவிட்டேன். உடனே கூட்டிவரச் சொன்னார்.

கூட்டிப்போனேன். பேட்டரி அனுப்பும் கரண்ட் சிலருக்கு மனநிலையையும் மாற்றுமாம். ஆபரேஷனுக்கு முன்பே சொன்னார்களாம். நடுக்கம் நிற்கும் என்றது மட்டும்தான் நம் காதில் விழுந்திருக்கிறது. கரண்டைக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் நடுக்கம் கொஞ்சம் திரும்பலாம் என்றார். நீங்கள் சண்டைக்கு வந்தீர்கள்: "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இவளுக்குத்தான் வாய் ஜாஸ்தி."

"நான் பெட்டி கட்டிட்டேங்க" என்றேன்.

நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள். "கை ஆடுனா ஆடட்டும் டாக்டர். கொறச்சிடுங்க. இவ போயிட்டா நான் என்னா பண்ணுவேன்?"

ஒரே நாளில் சரியாகவில்லை. இரண்டு மூன்று தடவை போய்வந்த பிறகுதான் பழைய குரல் வந்தது. மொட்டையும் போட்டோம், அக்காவுக்கு நிம்மதி. கை மட்டும் கடைசிவரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

சிந்தாமல் இருக்க உங்களுக்கு அரை டம்ளர் காபிதான் தருவேன். குடித்ததும் இன்னொரு அரை. நீங்கள் போன பிறகும் முழு டம்ளர் ஊற்ற எனக்குக் கை வருவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கஞ்சம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.