அர்ஜுனனுக்குக் கொடுத்த ரத்தம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
14.12.1972

சிரஞ்சீவி உமாபதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. சௌக்கியமா என்று கேட்க வாய் வருகிறது, கோபமும் கூடவே வருகிறது. பெங்களூரில் அத்தை வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிருக்குப் போர்வை கேட்டு வாங்கிக்கொள்.

நீ குத்திய பையன் உயிரோடு இருக்கிறான். முதலில் அதைத் தெரிந்துகொள். பெயர் அர்ஜுனன். உன்னைவிட மூத்தவன். ஏரி உடைந்ததில் வீடு போய், தென்னேரிப் பள்ளிக்கூடத்து முகாமில் தாயோடு தங்கி, டாக்டர்களுக்குக் கூடமாட ஒத்தாசை செய்துகொண்டிருந்தவன். முகாமுக்கு வந்த அரிசி மூட்டைகளை அள்ள முனிரத்தினம் கும்பலோடு நீ போனாய். அவன் குறுக்கே நின்றான். கை தவறிப் பட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கை தவறி அறுந்துபோக அது என்ன பட்டு இழையா? வயிறுடா.

நான் டிராக்டரில் ஏறி அங்கே போனேன். ஒரு வகுப்பறை முழுக்க வாந்திபேதி கண்ட பிள்ளைகள். அடுத்த அறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அர்ஜுனனைக் கிடத்தியிருந்தார்கள். காஞ்சிபுரத்துக்கு அசைத்துக் கொண்டுபோனால் வழியிலேயே உயிர் போய்விடும், உடனே ரத்தம் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவனுடைய சித்தப்பன்மார், ரத்தம் கொடுத்தால் ஏர் பிடிக்கத் தெம்பு இருக்காது என்று பயந்து ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். தாய் பெரியநாயகியின் ரத்தம் சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. ஒரு பாட்டில் எடுத்தார்கள். நான் யாரென்று அங்கே சொல்லவில்லை. "தெய்வமாட்டம் வந்துகீறியேமா" என்று பெரியநாயகி என் காலைத் தொட வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

உன் பெயரை எடுத்தாலே அப்பா தறியை விட்டு எழுந்து போய்விடுகிறார். நேற்று மட்டும், பெங்களூரில் குளிர் எப்படி இருக்குமாம் என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டார்.

அர்ஜுனன் பிழைக்க வேண்டும். அவன் பிழைத்தால்தான் நீயும் பிழைப்பாய். காமாட்சியை வேண்டிக்கொள்.

அம்மா,
நீலாம்பாள்

22.12.1972

உமாபதி,

அர்ஜுனன் போய்விட்டான். காயம் சீழ் பிடித்து, காய்ச்சல் இறங்கவே இல்லை. மெட்ராஸுக்கு ஆள் அனுப்பி மருந்து வரவழைத்தும் கேட்கவில்லை. டாக்டரம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேதி கண்ட பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

குளிப்பாட்டும்போது பெரியநாயகி என்னைக் கூப்பிட்டாள். "உன் ரத்தம் ஓடின உடம்புமா, நீயும் தண்ணி ஊத்து" என்றாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. குத்தினவன் என் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. என் கையிலிருந்த குடத்தை வாங்கி அவளே ஊற்றினாள். கடைசியில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து, குடத்தை என் பக்கம் நகர்த்தினாள். நான் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து தறியை நிறுத்தச் சொன்னேன். நமக்கு என்ன தீட்டு என்றார் அப்பா. நம் வீட்டுப் பிள்ளை செத்திருக்கிறான் என்றேன். அவர் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். பாதி நெய்த கல்யாணப் புடவை அப்படியே நிற்கிறது. முதலாளி ஆள் அனுப்பினால் அனுப்பட்டும்.

இந்தக் கடிதம் கண்டதும் நீயும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள். எதற்கு என்று அத்தை கேட்டால், ஊரில் அண்ணன் இறந்துவிட்டான் என்று சொல். பிறகு பஸ் ஏறு. நேரே வீட்டுக்கு வா. வயிறாரச் சோறு போடுகிறேன். சாப்பிட்டானதும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் உன்கூட நடந்து வருகிறேன். அப்பாவும் வருவார், வாயால் சொல்லமாட்டார், ஆனால் வருவார்.

வேறெங்கும் ஓடிப்போய்விடாதே, என் கண்ணே. எனக்கு இனி நீ ஒருவன்தான் மிச்சம்.

உன் அம்மா