கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்

என் செல்ல அக்காவுக்கு,

சென்சார் வேலை செய்கிறது. இதைக் கேட்டிருந்தால் முதலில் துள்ளிக் குதித்திருப்பவள் நீதான். உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி என்று உனக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! கண்ணுக்கே தெரியாத துத்தநாக ஆக்சைடு துகள்களைப் பூசிய ஒரு சில்லு. ஈரம் பட்டால் அதில் ஓடும் மின்சாரம் கூடும். உங்கள் பனியன் கம்பெனியில் துணி சரியாகக் காயாமல் பெட்டிக்குள் போய்ப் பூசணம் பிடித்ததே, அதைத் தடுக்கத்தான் என்றேன். "பூசணம் புடிச்சாத் திட்டு வாங்கறது நாங்கதானுங்க சயின்டிஸ்ட் சார், வெரசாக் கண்டுபுடிங்க" என்று கேலி செய்தாய்.

ஆனால் ஈரம் அதிகமானால் சில்லு மக்கர் செய்தது. துகள்களின் இடுக்கில் நீர் தங்கிவிடும். காற்று காய்ந்த பிறகும் ஈரம் என்றே காட்டும். கோவை லேபில் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன அன்று, அவிநாசி வீட்டு வாசலில் ஃப்ரீசர் பெட்டிக்குள் நீ கிடந்தாய். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கண்ணாடி முழுக்க நீர் பூத்து உன் முகமே தெரியவில்லை. தலைமாட்டில் விளக்கு எரிந்த மூலையில் மட்டும் தெளிவாக இருந்தது.

லேசாகச் சூடு இருந்தால் நீர் தங்காது. சில்லுக்கு அடியில் சின்னதாக ஒரு ஹீட்டர் வைத்தால் போதும்!

அக்கா, அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை டிகிரி, எவ்வளவு மெல்லிய கம்பி என்று அங்கே நின்றே கணக்குப் போட்டேன். பெரியம்மா முதுகைத் தடவி, "அழுதுரு சாமி, உள்ளுக்குள்ளயே வெச்சிருக்காதே" என்றாள். தலையாட்டினேன். சீ, என்ன பிறவி நான்?

போன வாரம் ஹீட்டர் வைத்துப் பார்த்தோம். ஈரத்தில் ஏறிய அளவு, காய்ந்ததும் ஒழுங்காக இறங்கியது. "எப்படிப்பா தோணுச்சு?" என்றார் பேராசிரியர். சும்மாதான் சார் என்றேன்.

அம்மாவைத்தான் தாங்க முடியவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "எம் பையன் அவ மொகத்த உட்டுக் கண்ண எடுக்கவே இல்லீங்க, அத்தனை பாசமுங்க" என்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிறேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன், சத்தியம். அடித்தாலும் அடிப்பாள். குறுக்கே வந்து விழ இந்த முறை நீ இல்லை. அத்தனையும் நானே வாங்கிக்கொள்கிறேன்.

நீ இன்னமும் ஏற்றுக்கொண்டால்,
உன் தம்பி