மாடிக்குக் குடிவரக் கேட்கிறார்கள்

அதிராம்பட்டினம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஜஸீலாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உம்மாவும் சுகம். எங்கள் வயதுக்கு எவ்வளவு சுகம் கிடைக்குமோ அவ்வளவு. நீயும் மருமகன் ஆஸிமும் பேத்தி சாஜிதாவும் அதைவிடக் கூடுதலான சுகத்தோடு இருக்க துஆ செய்கிறோம்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் உம்மா போனில் சொல்லிவிடுவாள், அவள் சொன்னால் கை கால் முளைத்துவிடும். வியாழக்கிழமை மாடி அறையைத் தூசி தட்டப் போனேன். நீ விட்டுப்போன சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி சும்மாதானே கிடக்கிறது என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பிடி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், நான் பாதாளத்துக்குப் போய்விட்டேன். காலை உதைத்து எழுந்திருக்கப் பார்த்தால் நாற்காலி பின்னாலேயே ஓடி, அலமாரிக்கும் மேஜைக்கும் நடுவில் என்னைச் சொருகிவிட்டு நின்றுகொண்டது. உம்மா தனியாக இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. வாசலில் மீன் கொண்டுவந்த பொன்னுத்தாயைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக ஆளுக்கொரு கையைப் பிடித்து உருவினார்கள். பொன்னுத்தாய் சும்மா போனாளா? "என்னா பாய், பொண்ணு சம்பளத்தை நாமளே வாங்கிருவோம்னு போய் உக்காந்தியளா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். அன்றைக்கு நான்கு தெருவுக்கும் மீனோடு சேர்த்து என்னையும் விற்றிருப்பாள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ போனை எடுக்கும்போது ஒரு கண் கம்ப்யூட்டரில் இருக்கிறது; எனக்கு அது குரலிலேயே தெரிகிறது. குறை சொல்லவில்லை, வேலை அப்படி. சவூதியில் இருபத்திரண்டு வருஷம் கடிதம் எழுதியே குடும்பம் நடத்தியவன் நான். எனக்கு வாயைவிடப் பேனா கொஞ்சம் கீழ்ப்படியும். பட்டுக்கோட்டையில் பெங்களூர் பஸ்ஸில் போடப்போகிற பார்சலுக்குள் இதை வைக்கிறேன். இடியாப்ப மாவும் நெத்திலிக் கருவாடும் இருக்கின்றன. கடிதத்தில் கருவாட்டு வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

இந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கும் நேரத்தோடு வந்துவிட்டது. நம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் பக்கிரி நடவை முடித்துவிட்டார். வாய்க்கால் ததும்பப் போவதைப் பார்க்க சாஜிதா இல்லையே என்றார். போன வருஷம் அவர் வயலில் இறங்கி ஒரு செருப்பைத் தொலைத்தாளே, அது இப்போது களை எடுக்கும்போது கிடைத்ததாம். கழுவி வைத்திருக்கிறேன். அவளுக்கு இனிமேல் பொருந்தாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாடியை வாடகைக்கு விடுங்கள் வாப்பா என்று நீ சொல்லி இரண்டு மாதமாகிறது. ஆள் கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆள் கிடைக்கவில்லை என்பது முழு உண்மை இல்லை. வந்த ஆளை நான் அனுப்பிவிட்டேன் என்பதுதான் கொஞ்சம் கூடுதல் உண்மை. முதலில் ஒரு பேங்க்காரர் வந்தார். தளம் ஒழுகும் என்று சொன்னேன். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் அவர் நிமிர்ந்து தளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அடுத்து ஒரு தேங்காய் வியாபாரி. அவருக்கு உடம்பு கொஞ்சம் பெரிது. மாடிப்படி குறுகல் என்று நான் சொன்னதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

நம் ஊர் வழக்கப்படி உன் நிக்காஹ் அன்றைக்கே இந்த வீட்டை உன் பேருக்கு எழுதியாகிவிட்டது. மற்ற ஊரில் கல்யாணமானால் பெண் புறப்படுவாள், நம் ஊரில் மாப்பிள்ளை பெட்டியோடு வருவார். ஆகவே நானும் உம்மாவும் உன் வீட்டில் வாடகை தராமல் இருக்கும் குடித்தனக்காரர்கள். வீட்டுக்காரி சொன்னதைக் குடித்தனக்காரன் மறுக்க முடியுமா? அதனால் இந்தத் தடவை, தரகர் காதர் மைதீன் ஆள் கூட்டி வருகிறேன் என்றதும், சரி வரட்டும் என்றேன்.

போன ஞாயிறு வந்தார்கள். புருஷன் பெஞ்சாதி இரண்டு பேர். அவர் பெயர் சபரிநாதன், அவள் பூமிகா. அவருக்கும் உன்னைப் போலத்தான் வேலை. எங்கிருந்து செய்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சென்னையில் பழைய மகாபலிபுரம் ரோட்டுப் பக்கம் இருந்திருக்கிறார்கள். சம்பளத்தில் பாதியை வீட்டுக்காரருக்கே கொடுத்து அலுத்துவிட்டது என்றார். அவள் மல்லிப்பட்டினத்தில் போட் வைத்திருக்கிற காயாரோகணத்தின் மகளாம். அம்மா தவறிப்போய், அப்பா தனியாக இருக்கிறார். அந்த வீட்டிலேயே இருந்து வேலை செய்ய முடியாதபடி விடிந்தால் மீன் ஏலச் சத்தம். அதனால் பக்கத்து ஊரில், பைக்கில் போய்வருகிற தூரத்தில் வீடு தேடுகிறார்கள்.

ஆட்கள் நல்லவர்களாகத் தெரிந்ததும் நான் சாக்குத் தேட ஆரம்பித்தேன்.

கரண்டு அடிக்கடி போகும் என்றேன். அந்தப் பெண் மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டரைக் காட்டி, "அதுக்குத்தான் இது இருக்கே மாமா" என்றாள். புயல் அடித்தால் மாடி தாங்காது, கஜாவில் இந்தத் தெருவே கிடுகிடுத்தது என்றேன். "கஜாவுல எங்கப்பா போட்டே ரோட்டுக்கு வந்து படுத்திருச்சு மாமா. ஒங்க மாடி நின்னுச்சா இல்லையா?" என்று கேட்டாள். நின்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

சரி, கடைசி அஸ்திரம் என்று, உங்களுக்கு முக்கியமே நெட்டுதானே, அது இங்கே வராது, மகள் போனதும் எடுத்துவிட்டோம் என்றேன். சபரிநாதன் சுவரைப் பார்த்தார். சுவரில் அந்தப் பெட்டி பச்சை விளக்கை வரிசையாக மினுக்கிக்கொண்டிருந்தது. என் புத்தியைப் பார், அதன் மேல் ஒரு துண்டையாவது போட்டிருக்கலாம். அவர் போனில் ஏதோ தட்டிப் பார்த்து, சென்னையில் எங்களுக்குக்கூட இவ்வளவு வேகம் வந்ததில்லையே என்றார். யாரு மாமா யூஸ் பண்றாங்க என்று அவள் கேட்டாள். என் பெஞ்சாதி மார்க்கப் பிரசங்கம், பயான் எல்லாம் கேட்பாள் என்றேன். கதவுக்குப் பின்னால் நின்ற உம்மா, "நானா? என் போன்ல அமுக்குற பட்டன்தானே இருக்கு!" என்றாள். நாற்பது வருஷமாக நான் பொய் சொன்னால் அவள் துணைக்கு வந்ததே இல்லை.

ஆமாம், நெட்டை நான் எடுக்கவில்லை. எடுத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னதும் பொய்தான். லீவு கிடைக்காமல் திடீரென்று ஒரு வாரம் வேலையோடு வந்தாயானால் உடனே வேண்டுமே என்று விட்டுவைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

காதர் மைதீனுக்குத்தான் கோபம். அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, "காக்கா, நீங்க வீட்டை வாடகைக்கு விடுறியளா, இல்ல வர்ற ஆளை ஊரை விட்டு வெரட்டுறியளா?" என்று அண்ணன் முறை சொல்லிக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்க நீங்க என்ன ஐநா சபையா?" என்றான்.

அதற்கு முன்னால், அவர்கள் புறப்படும்போது ஒன்று கேட்டேன். ஊருக்கு வந்துவிட்டால் கம்பெனியில் சம்பளத்தை வெட்டுவார்களே, தெரியுமா என்றேன். உனக்கு நடந்ததைச் சொன்னேன். பெங்களூரில் வாடகை கட்ட முடியாமல் நீங்கள் மூவரும் இங்கே வந்தீர்கள், மூன்று வருஷம் மாடியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தாய், அப்புறம் ஒரு மெயில் வந்தது, சின்ன ஊருக்குச் சின்னச் சம்பளம், பெங்களூர் திரும்பினால் பழைய சம்பளம் என்று. எங்கள் சவூதி கடையில் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் போட்டார்கள், உங்கள் ஆபீசில் பின்கோடைப் பார்த்துப் போடுகிறார்கள். மற்றபடி முதலாளிமார் எல்லாம் ஒரே பள்ளிக்கூடம். சபரிநாதன், எங்களுக்கும் குறைப்பார்கள் என்று கடிதமே வந்துவிட்டது என்றார். அந்தப் பெண்தான், "கொறையட்டும் மாமா. எங்கப்பாவுக்கு வயசு ஏறிக்கிட்டேல்ல இருக்கு" என்றாள்.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அவர்கள் இரண்டு பேர், பிள்ளைகுட்டி இல்லை. உனக்கு சாஜிதாவின் பள்ளிக்கூடம் இருக்கிறது, கடன் இருக்கிறது. நீ போனது சரிதான். ஏறின சம்பளத்தை அங்கே வாடகை தின்கிறது என்றாலும் நீ போனது சரிதான். நான் மட்டும் சம்பாதிக்கப் போகாமலா இருந்தேன்? நீ பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் உன்னைப் பார்த்தேன். மடியில் வைத்தால் யாரோ என்று அழுவாய்.

வீட்டில் சத்தம் ரொம்பக் குறைவு. உனக்கு மீட்டிங் என்று காலையில் மோட்டார் போடாமல் இருந்து பழகிவிட்டது. இப்போதும் பதினொரு மணி வரை போடுவதில்லை. உம்மா மிக்ஸியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த்தான் அரைக்கிறாள். இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொள்கிறோம். யாருக்காக மெதுவாகப் பேசுகிறோம் என்று ஒருநாள் கேட்டேன். அவள், பேசுறதுக்கு என்ன இருக்கு, அதான் சத்தம் வரலை என்றாள். பிறகு நாங்களே சிரித்துக்கொண்டோம்.

நேற்று பூமிகா தனியாக மறுபடியும் வந்தாள். அப்பா கொடுத்துவிட்டார் என்று ஒரு பையில் நண்டு. நெட் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிக்குப் போய் ஜன்னல் ஓரம் நின்றாள். உம்மா கூடவே போனாள். என்ன பேசினார்களோ, கீழே வரும்போது உம்மாவின் கை அந்தப் பெண்ணின் தோளில் இருந்தது. பூமிகா போனதும் உம்மா, "கொடுத்துருங்க. மாடியில ஒரு காலடிச் சத்தமாவது கேக்கட்டும்" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததை மறைக்க நண்டைச் சுத்தம் செய்யப் போய், அது என் விரலைப் பிடித்துவிட்டது. கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகவே, வீட்டுக்காரியே, உத்தரவு கேட்கிறேன். கொடுங்கள் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அவர்கள் பால் காய்ச்சிவிடுவார்கள். வேண்டாம் என்றால் காதர் மைதீனிடம் பேச்சு வாங்க நான் தயார். நீ கொடுக்கச் சொன்னால் உன் நாற்காலியையும் மேஜையையும் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். அலமாரியில் இருக்கும் உன் துணிமணியை உம்மா தனியாக மடித்து வைப்பாள். வாடகை நேராக உன் கணக்குக்கே வரும்படி சபரிநாதனிடம் சொல்லிவிடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. ஆஸிமுக்கு என் சலாம் சொல். சாஜிதாவுக்குத் தமிழ் எழுத்து மறக்காமல் இருக்க இந்தக் கடிதத்தில் அவள் பெயர் வரும் இடத்தை மட்டும் அவளையே படிக்கச் சொல். எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மூவருக்கும் நிம்மதியான தூக்கத்தையும் குறையாத வரும்படியையும் அல்லாஹ் தந்து காப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
மீரா உசேன்.

மறந்துவிட்டேன், இன்னும் ஒன்று. வீட்டுக்கு வீடு மாறி அலைய முடியாது, மூன்று வருஷத்துக்கு அக்ரிமென்ட் போடலாமே என்று பூமிகா கேட்டாள். பதினொரு மாதம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். ஏன் மாமா என்றாள். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், அதுதான் வழக்கம் என்றேன். பன்னிரண்டாவது மாதம் நீ வந்தாலும் வருவாய் என்று அவளிடம் சொல்லவில்லை.